பாமினி, வானவில் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த சங்க அறிக்கை, ஆய்வேடு, குடும்ப வரலாறு, கோவில் மலர் ஏதோ ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. புதிய கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு சிறிய ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. பதற வேண்டாம், கோப்பு கெட்டுப்போகவில்லை. அதற்குள் முதல் நாளிலிருந்தே இருப்பது அதுதான்.

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. பாமினியில் தட்டிய ‘தமிழ்’ வட்டில் 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்களாக இருக்கும். உலகம் முழுக்க 106 என்றால் ஆங்கில ஜே. பாமினி எழுத்துரு மட்டும் அந்த எண்ணுக்குத் ‘த’ வடிவத்தை வரைந்து காட்டும். எழுத்துரு போனால் தமிழும் போய்விடும். வானவில்லும் இதே வகை எழுத்துருதான். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் பட்டியலான யூனிகோடில் அதே சொல் 2980, 2990, 3007, 2996, 3021. இந்த எண்கள் தமிழுக்கு மட்டுமே உரியவை. எந்த எழுத்துருவில் திறந்தாலும் தமிழாகத்தான் தெரியும். இப்படி எழுத்துக்கு எண் கொடுக்கும் பட்டியலுக்குத்தான் குறியாக்கம் என்று பெயர். ஆக, நாம் செய்யப்போவது ஓர் எண் பட்டியலை இன்னொரு எண் பட்டியலாக மாற்றுவது. எந்தப் பட்டியலிலிருந்து மாற்றுகிறோம் என்று தெரியாமல் கைவைத்தால்தான் சிக்கல்.

1. தொடுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

நான்கு பொருள் வேண்டும்.

மூலக் கோப்பு. அதைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டுமே வேலை செய்யுங்கள். மூலத்தை ‘படிக்க மட்டும்’ என்று பூட்டி வேறொரு வட்டிலும் வையுங்கள்.

அந்தக் கோப்பைத் தட்டிய எழுத்துரு. பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையை முழுதாகப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். பிற்பாடு இணையத்தில் தேடி எடுக்கும் அதே பெயருள்ள எழுத்துருவில் சில எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம்.

அச்சான பிரதி அல்லது அதன் பி.டி.எஃப். மெய்ப்பு பார்க்க ஒப்பிடுவதற்கு வேறு சாட்சி கிடையாது.

கடைசியாக, எந்த மென்பொருளில் செய்தது என்ற தகவல். வேர்டு என்றால் சுலபம். நூல் பக்கங்களை அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் என்றால் அது ஓடும் கணினி ஒன்றை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, 7.0-க்குப் பிறகு அதற்குப் பதிப்பும் வரவில்லை. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் சி.எஸ்.6 வரை அந்தக் கோப்பைத் திறக்கும், பின்னால் வந்த சி.சி. பதிப்புகள் திறக்காது. திறந்தபின் ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனியாக ஆர்.டி.எஃப். வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். வெறும் உரையாக எடுத்தால் எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருந்தது என்ற குறிப்பு அழிந்துவிடும். அந்தக் குறிப்பு நான்காம் படியில் தேவைப்படும்.

2. எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடிப்பது

கோப்பில் சொல்லைத் தெரிவு செய்து, எழுத்துருப் பெட்டியில் தெரியும் பெயரைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் வேர்டு அதன் பெயரை அங்கே காட்டும். பெயர் கிடைக்காவிட்டால் திரையில் தெரியும் குப்பையே துப்புக் கொடுக்கும்.

ஆங்கிலச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் கலந்து, நடுநடுவே அரைப்புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் பாமினி. அரைப்புள்ளிதான் அதில் மெய்யெழுத்தின் புள்ளி. இலங்கையிலிருந்து வந்த கோப்பு என்றால் முதலில் பாமினியைச் சந்தேகியுங்கள்.

ஆங்கில எழுத்துக்கு நடுவே, தலையில் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் கலந்திருந்தால் வானவில் அல்லது அது போன்ற வேறொன்று. தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கோப்புகளில் வானவில் அதிகம்.

ஆங்கிலச் சொற்கள் நன்றாகப் படிக்கும்படி இருந்து, தமிழ் மட்டும் ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி அல்லது டாப். இவை தமிழை 128-க்கு மேற்பட்ட எண்களில் வைப்பவை. ஆங்கிலம் தன் இடத்தில் அப்படியே இருக்கும்.

தலையில் சாய்கோடு போட்ட ஏ, அதை அடுத்து வட்டத்துக்குள் ஆர் என்ற இணை திரும்பத் திரும்ப வந்தால் மாற்றவே வேண்டாம். அது ஏற்கெனவே யூனிகோடுதான். யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும். ‘க’ என்பது 224, 174, 149. அந்த 224-ஐயும் 174-ஐயும் மென்பொருள் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிட்டது, அவ்வளவே. நோட்பேட்++ என்ற உரைத் திருத்தியின் குறியாக்கப் பட்டியலில் யூ.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தால் தமிழ் திரும்பிவிடும். பக்கத்தில் இருக்கும் ‘யூ.டி.எஃப்-8 ஆக மாற்று’ என்பதைத் தொடாதீர்கள். அது குப்பையைக் குப்பையாகவே நிலைநிறுத்திவிடும்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு மட்டுமே குறை. வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்து, கோப்பை எந்தக் குறியாக்கத்தில் திறந்தாலும் அவை மாறாவிட்டால், யாரோ அதை ஆன்சி என்ற, தமிழுக்கு இடமில்லாத பழைய விண்டோஸ் வடிவில் சேமித்துவிட்டார்கள். எல்லா எழுத்தும் 63 என்ற ஒரே எண்ணாகிவிட்டது. மீட்க வழி இல்லை, வேறு பிரதியைத் தேடுங்கள்.

இந்தப் படியில் ஒரு பொறி உண்டு. பாமினி, வானவில் இரண்டும் தட்டச்சுப்பொறி விசை வரிசையை ஒட்டி எழுந்தவை. அதனால் வானவில் கோப்பைப் பாமினி மாற்றியில் போட்டாலும் த, ந, கால், டு எனப் பல எழுத்துகள் சரியாகவே வரும். பாதி படிக்க முடிகிறதே, மீதியைக் கையால் திருத்திக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். பாதி சரி என்றால் பட்டியலே தவறு என்று பொருள்.

3. கருவி

செலவில்லாத கருவிகளே போதும். என்.எச்.எம். கன்வர்ட்டர் விண்டோஸில் ஓடும். பாமினி, வானவில், டாப், டாம், டிஸ்கி, ஸ்ரீலிபி எனப் பலவற்றை அறியும். பொங்குதமிழ் மாற்றியில் உரையை ஒட்டினால் அடுத்த பெட்டியில் யூனிகோடு வரும். நிரல் எழுதத் தெரிந்தவருக்குப் பைத்தானில் ஓப்பன்-தமிழ் நூலகம் இருக்கிறது. அழகியிலும் மாற்றும் வசதி உண்டு.

பத்துப் பக்கம் என்றால் ஒட்டி மாற்றுங்கள். நூறு கோப்பு என்றால் நிரல்தான் கட்டுப்படியாகும். நீதிமன்ற ஆவணம், மருத்துவக் குறிப்பு, அடையாள எண்கள் உள்ள பட்டியல் ஆகியவற்றை எந்த இணையப் பக்கத்திலும் ஒட்டாதீர்கள். உங்கள் கணினியிலேயே ஓடும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

4. ஆங்கிலத்தைப் பிரித்து ஒதுக்குங்கள்

முதன்முறை செய்பவர்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். மாற்றிக்கு எழுத்துரு தெரியாது. எண் மட்டுமே தெரியும். பாமினிக் கோப்பின் நடுவே டைம்ஸ் எழுத்துருவில் ‘ஃபார்ம்’ என்ற ஆங்கிலச் சொல் இருந்தால், அதன் எஃப், ஓ, ஆர், எம் நான்கையும் அது ‘கழசஅ’ என்று மாற்றி வைக்கும்.

சொல் குழம்பினால் கண்ணில் படும். நிறுத்தக்குறி குழம்பினால் படாது. பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’, சாய்கோடு விசைதான் ‘ஃ’. ஆங்கில எழுத்துருவில் போட்ட காற்புள்ளியும் தேதியும் மாற்றிக்குள் போனால் ‘கொழும்புஇ யாழ்ப்பாணம்’ என்றும் ‘12ஃ05ஃ2003’ என்றும் வெளியே வரும். இணையத்தில் பழைய செய்திகளில் இவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வேர்டில் செய்யும் முறை: மேம்பட்ட தேடலில் தேடும் பெட்டியைக் காலியாக விட்டு, வடிவமைப்பு என்பதில் எழுத்துருவாகப் பாமினியைக் கொடுங்கள். பாமினித் துண்டுகள் மட்டும் தெரிவாகும். அவற்றுக்கு ஒரு நிறம் கொடுத்துவிடுங்கள். நிறம் ஏறாதவை ஆங்கிலம். நிறம் ஏறிய பகுதிகளை மட்டும் மாற்றுங்கள்.

நிரல் வழியாகச் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. வேர்டின் டாக்-எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. உள்ளே உரை துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருப் பெயரோடு இருக்கும். பெயர் இல்லாத துண்டும் வரும். அது பத்தியின் பாணியிலிருந்து எழுத்துருவை வாங்கிக்கொள்வது. அதை ஆங்கிலம் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்தது, வேர்டு ஒரே சொல்லையும் இரண்டு துண்டாக வெட்டி வைக்கும். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வருவதால், ‘கொ’வின் கொம்பு ஒரு துண்டிலும் ‘க’ அடுத்த துண்டிலும் மாட்டிக்கொண்டால் இரண்டும் சேராது. அருகருகே உள்ள ஒரே எழுத்துருத் துண்டுகளை முதலில் ஒட்டி, பிறகு மாற்றுங்கள்.

பழைய கோப்பில் மாற்றுவதற்கு முன் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தை வேர்டு தானாகவே பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சிறிய எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. நீங்கள் தட்டிய ‘கடை’ ‘குடை’ ஆகிவிடும்.

5. ஒரு பக்கம் மட்டும் மாற்றிப் பாருங்கள்

மொத்தத்தையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம், ‘ர்’, கிரந்தம், எண், தேதி எல்லாம் வரும் பக்கமாக ஒன்றைப் பொறுக்கி மாற்றி, அச்சுப் பிரதியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அரை மணி நேரம் போதும். பிழை ஒரே மாதிரி திரும்ப வந்தால் கருவியின் பட்டியலில் குறை. வேறு கருவியில் அதே பக்கத்தைப் போட்டுப் பாருங்கள்.

6. மாற்றியபின் தேட வேண்டிய பிழைகள்

முதலில் சொற்களை எண்ணுங்கள். மாற்றம் இடைவெளிகளைத் தொடாது. ஆகவே மாற்றும் முன்பும் பின்பும் வேர்டு காட்டும் சொற்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ ஒரு பகுதி விழுந்துவிட்டது.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத பிழைகள். இவற்றுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ‘அவர்கள்’, ‘அவா்கள்’ இரண்டையும் உற்றுப் பாருங்கள். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. முதலாவதில் ரகரமும் புள்ளியும், அதாவது 2992, 3021. இரண்டாவதில் கால் குறியும் புள்ளியும், 3006, 3021. பாமினியில் ர், ரி, ரீ மூன்றையும் அழகுக்காகக் கால் விசையை வைத்தே தட்டும் பழக்கம் இருந்தது. நல்ல மாற்றி இதைச் சரிசெய்துவிடும், எளிய மாற்றி அப்படியே விட்டுவிடும். படிக்க நன்றாக இருக்கும் அந்தக் கோப்பில் ‘அவர்கள்’ என்று தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது. திருத்துவது எளிது: ‘ா்’ என்பதை ‘ர்’ என்றும், ‘ாி’ என்பதை ‘ரி’ என்றும், ‘ாீ’ என்பதை ‘ரீ’ என்றும் மொத்தமாக மாற்றுங்கள். கால் குறிக்குப் பின் இன்னொரு குறி வருவது தமிழில் இல்லை. அதனால் இந்த மூன்றையும் அஞ்சாமல் மாற்றலாம்.

ஒகரம், ஓகாரத்திலும் இதே கதைதான். ‘கொ’வைக் க, ொ என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம், க, ெ, ா என்று மூன்று எண்ணாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, எளிய தேடலுக்கு வேறு வேறு. என்.எஃப்.சி. எனப்படும் இயல்பாக்கத்தை ஒருமுறை ஓட்டினால் மூன்று எண் இரண்டாகிவிடும். பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். ஆனால் கால் முன்னும் கொம்பு பின்னுமாகத் தலைகீழாகப் போன ‘ாெ’, ‘ாே’ ஆகியவற்றை இயல்பாக்கம் தொடாது. அவற்றைத் தேடி ‘ொ’, ‘ோ’ என்று நீங்களே மாற்ற வேண்டும்.

ஔகாரத்தை மட்டும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். ‘கௌரவம்’ என்பதைப் பலர் கொம்பும் ளகரமும் இட்டுக் ‘கெளரவம்’ என்று தட்டியிருப்பார்கள். ‘ெள’ எல்லாவற்றையும் ‘ௌ’ ஆக்கினால் தெளிவு, வெள்ளி, கெளுத்தி எல்லாம் சிதைந்துவிடும். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம், பௌத்தம், ஔவை என்று சொல்வாரியாகத் தேடித் திருத்துங்கள். பட்டியல் சின்னதுதான், ஒரு மணி நேர வேலை.

பிறகு புள்ளி வட்டம். உயிர்மெய்க் குறி ஒட்ட எழுத்தின்றித் தனியே நின்றால் கணினி ஒரு புள்ளி வட்டத்தை வரைந்து காட்டும். அது தெரியும் இடமெல்லாம் கொம்பு அநாதையாக நிற்கும் இடம். மிஞ்சிய ஆங்கில எழுத்துகளையும் ஒருமுறை தேடிவிடுங்கள். அவற்றில் பாதி உண்மையான ஆங்கிலமாக இருக்கும், மீதி மாற்றிக்குப் பிடிபடாதவை.

7. சேமிப்பதும் பட்டியலில் ஏற்றுவதும்

உரைக் கோப்பை யூ.டி.எஃப்-8 இல் சேமியுங்கள். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் அதையே இயல்பாக எடுக்கும். அதற்கு முந்தையது ஆன்சியில் சேமிக்கப் பார்க்கும். அது எச்சரிக்கும்போது ‘சரி’ என்று அழுத்திவிட்டால் மொத்தமும் கேள்விக்குறி. வேர்டுக் கோப்போடு வெறும் உரைக் கோப்பு ஒன்றையும் எப்போதும் வையுங்கள். அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். பாமினியில் ஒரு குறிக்கு ஒரு பைட், இங்கே மூன்று. அப்படியும் 300 பக்க நூலின் உரை இரண்டு மெகாபைட்டைத் தாண்டுவது அரிது.

எக்செல் பட்டியல் என்றால் ‘சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8’ என்ற தனி வகையைத் தேர்ந்து சேமியுங்கள். வெறும் ‘சி.எஸ்.வி.’ தமிழைக் கேள்விக்குறியாக்கும். பிறர் தந்த சி.எஸ்.வி.யை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவு என்ற பட்டியலிலிருந்து இறக்குமதி செய்து 65001 என்ற குறியாக்கத்தைக் கொடுங்கள், யூ.டி.எஃப்-8 க்கு அங்கே அதுதான் எண்.

தரவுத்தளத்தில் ஏற்றும்போது நெடுவரிசையின் நீளம் பைட்டிலா எழுத்திலா என்று கேளுங்கள். ஆரக்கிளில் 50 என்று போட்டால் இயல்பாக 50 பைட். 16 தமிழ்க் குறிகளோடு பெயர் முடிந்துவிடும். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறிகள். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி, 15 பைட். மைஎஸ்கியூஎல்லில் யூ.டி.எஃப்.8.எம்.பி.4 வகையையே எடுங்கள். முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்தபோது நான்கு பைட் பகுதியில் இடம் பெற்றன. பழைய நிலக் கணக்குகளுக்கு அவை வேண்டும். கோப்புப் பெயரிலும் இதே கணக்கு. லினக்ஸில் பெயருக்கு 255 பைட்தான் எல்லை, தமிழில் 85 குறி. விண்டோஸில் நீளமாக வைத்த பெயர் அங்கே நகலாகாது.

அகரவரிசை தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். யூனிகோடு எண் வரிசையில் ன, ந-வுக்கு அடுத்தும் ற, ர-வுக்கு அடுத்தும் நிற்கும். ‘க்’ ககர வரிசையின் கடைசிக்குப் போய்விடும். லிப்ரே ஆபிஸில் வரிசைப்படுத்தும் விருப்பங்களில் மொழியைத் தமிழ் என்று கொடுங்கள்.

உறுப்பினர் பட்டியலை வைத்துக் குறுஞ்செய்தி அனுப்பும் எண்ணம் இருந்தால் செலவுக் கணக்கைத் திருத்துங்கள். ஆங்கிலத்தில் 160 எழுத்துக்கு ஒரு செய்தி, தமிழில் 70 குறிக்கு ஒன்று. 70-ஐத் தாண்டினால் 67 வீதம் துண்டாகி, ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம்.

8. நேரமும் பணமும்

மாற்றுவதற்கு ஆகும் நேரம் சில நிமிடம். மெய்ப்புதான் வேலை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40 பக்கத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். மாலையில் கண் சலித்தபின் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரியும். 200 பக்க நூல் என்றால் தயாரிப்புக்கு ஒரு நாள், மெய்ப்புக்கு ஐந்து நாள், திருத்தங்களை ஏற்ற ஒரு நாள்.

கோப்பு இல்லாமல் அச்சு நூல் மட்டும் இருந்தால் 300 டி.பி.ஐ.யில் வருடி, கூகுள் டிரைவிலோ டெசராக்டிலோ எழுத்துணரி ஓட்டலாம், இரண்டும் இலவசம். ஆனால் அங்கே பிழைகள் ஒரு முறையாக வராது, மொத்தமாக மாற்றித் திருத்தவும் முடியாது. மெய்ப்புக்கு இரு மடங்கு நாள் வையுங்கள். பழைய பாமினிக் கோப்பு எங்காவது கிடைக்குமா என்று தேடுவதற்கு ஒரு வாரம் செலவழித்தாலும் நஷ்டமில்லை.

தட்டச்சு நிலையத்தில் கொடுத்துச் செய்வதானால் முதலில் ஐந்து பக்கம் மாதிரி கேளுங்கள். மாதிரி வந்ததும் ‘அவர்கள்’, ‘கொள்கை’ என்ற இரண்டு சொற்களையும் உங்கள் விசைப்பலகையில் தட்டித் தேடிப் பாருங்கள். பக்கத்தில் தெரிவது தேடலில் அகப்படாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். பக்கக் கட்டணம் பேசும்போது பக்கம் என்பது அச்சு நூலின் பக்கமா, ஏ4 தாளில் 12 புள்ளி எழுத்தா என்று எழுதி வாங்குங்கள். வேர்டுக் கோப்பும் உரைக் கோப்பும் இரண்டும் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மூலப் பென்டிரைவைக் கொடுக்காதீர்கள், பிரதியைக் கொடுங்கள்.